உற்சாகமான நாட்களையும் டாக்டரிடம் சொல்லுங்கள்



மாதக்கணக்கில் சுருண்டு படுத்திருந்த பிள்ளை திடீரென்று சுறுசுறுப்பாகிறான். இரவு இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறான், ஆனாலும் களைப்பே இல்லை. வாய் ஓயாமல் பேசுகிறான், கடன் வாங்கிப் புதுத் தொழில் தொடங்கப் போகிறேன் என்கிறான். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. தேறிவிட்டான் என்றுதானே நினைப்போம்?

பைபோலார் என்னும் இருமுனை மனநலக் கோளாறு பல வீடுகளில் பிடிபடாமல் போவது இங்கேதான். சோர்வை நோய் என்று ஏற்றுக்கொள்கிறோம். அளவு மீறிய உற்சாகம் நோயாகத் தெரிவதில்லை. அதனால் டாக்டரிடம் சோர்வை மட்டும் சொல்கிறோம். அவரும் மனச்சோர்வு மாத்திரை மட்டும் தந்தால், சிலருக்கு அதுவே உற்சாகத்தைக் கட்டுமீறித் தூண்டிவிடலாம்.

பைபோலாரில் வகைகள் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. கட்டுமீறிய எழுச்சி ஒரு வாரமாவது நீடித்தால், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனால், முதல் வகை. இரண்டாம் வகையில் எழுச்சி மிதமானது, நான்கு நாளாவது இருக்கும். ஆனால் கடுமையான சோர்வும் வந்து போயிருக்கும். 'லேசானது' என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். அந்தச் சோர்வு உயிரையே கேட்கும். மூன்றாவது சைக்ளோதைமியா: சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள், இரண்டு வருடத்துக்கு மேல்.

பரம்பரையாக வருமா? வாய்ப்பு கூடும். ஆனால் அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்றில்லை.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. தூக்கம் கெடுவதும் புதுப் பொறுப்புகளின் அழுத்தமும் நோயைக் கிளறிவிடும். நோயை மறைத்துக் கல்யாணம் செய்வது, வரப்போகிற பெண்ணுக்கும் நம் பிள்ளைக்கும் சேர்த்தே செய்யும் அநியாயம்.

மருந்து இருக்கிறது. 1949-ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் லித்தியத்தின் பலனை எழுதினார். இன்றும் அது முக்கியமான மருந்து. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை அவசியம். தைராய்டையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். வாந்தி, பேதி வந்தாலோ, சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைத்தாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சோடியம் வால்ப்ரோயேட் போன்ற மருந்து குழந்தையைப் பாதிக்கும்.

நன்றாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையால்தான் நோயாளி நன்றாக இருக்கிறார்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, தூங்காத இரவுகளையும் திடீர்ச் செலவுகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.