சொல்லின் பாலும் பொருளின் பாலும்

செருமானிய மொழியில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமற்ற நடுப்பால். ஞாயிறு பெண், திங்கள் ஆண். சிறுமியைக் குறிக்கும் 'மேட்சென்' என்னுஞ் சொல்லோ நடுப்பால்! இஃது அம்மக்களின் அறியாமையன்று. சிறுமைப்பொருள் தரும் 'சென்' ஈறு எப்பெயரொடு சேரினும் அது நடுப்பாலாகும் என்பதே அம்மொழியின் நெறி. ஆங்குப் பால் சொல்லுக்குரியது, பொருளுக்குரியதன்று.

அதன் உடன்பிறப்பாகிய ஆங்கிலமும் முன்னர் இவ்வாறே இருந்தது. பழைய ஆங்கிலத்தில் பெண்ணைக் குறித்த 'வீஃப்' நடுப்பாற் சொல்லே. சொல்லீறுகள் தேய்ந்தொழிய, 14ஆம் நூற்றாண்டிற்குள் அப்பாகுபாடும் மறைந்தது. இன்று அவன், அவள், அது எனுஞ் சுட்டுப்பெயர்களிலேயே பால் பெரிதும் நிற்கின்றது.

தமிழோ, தொல்காப்பியர் நாள் தொட்டே, மாந்தரை உயர்திணையென்றும் பிறவற்றை அஃறிணையென்றும் பொருள்நோக்கிப் பகுத்தது. எனினும், 'குழந்தை அழுதது' என்கின்றோம். அதனால் குழந்தையை மாந்தரினின்று நீக்கினோமா?

ஒரு மொழியின் அளவுகோலால் மற்றொன்றை அளந்து குறைகூறும் கொடுமைக்கு நம் மொழியே பலகால் ஆளாயிற்று. அவ்வடுவைத் தாங்கிய நாம் அதே பிழையைப் பிறமொழிக்குச் செய்தல் தகுமோ? எம்மொழியையும் அதன் நெறிகொண்டே ஆய்க!