கேட்க நீ யார்?

"என் பிள்ளையை நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன், கேட்க நீ யார்?" சாதி மாறிக் காதலித்த மகளைப் பூட்டி வைப்பவர் இப்படித்தான் கேட்கிறார். பிள்ளையின் உடம்பிலுள்ள காயத்தை மருத்துவரிடம் காட்ட மறுப்பவரும் இப்படித்தான் கேட்கிறார். இரண்டு பேரையும் கேட்கலாம் என்பது என் கட்சி.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. குழந்தைக்குக் கடுமையான தீங்கு நேர்கிறதோ என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்து, உத்தரவில்லாமல் பரிசோதிக்க வழியில்லை என்றால், உள்ளாட்சி அமைப்பு 43ஆம் பிரிவின்படி நீதிமன்றம் போகலாம். பெற்றோர் சம்மதம் இல்லாமலே பிள்ளையின் உடல்நலத்தையும் அது நடத்தப்படும் விதத்தையும் மதிப்பிட நீதிபதி உத்தரவிடலாம். அதிகபட்சம் 7 நாள். பிள்ளையைப் பறித்துக்கொள்வதற்கான உத்தரவல்ல, என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கான உத்தரவு. விசாரணைக்கு முன் பெற்றோருக்கு அறிவிப்பு போக வேண்டும். இன்னொன்றும் அதில் உண்டு: விவரம் புரிந்த பிள்ளை மருத்துவப் பரிசோதனைக்கு மாட்டேன் என்று சொல்லலாம். பெற்றோரும் அரசும் தவிர மூன்றாவது ஆள் ஒருவர் அந்த அறையில் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிற வரி அது.

"அரசை எப்படி நம்புவது தோழர்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆஸ்திரேலியாவில் 'குழந்தை நலன்' பேசித்தான் பழங்குடிப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கினார்கள். நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்க 2008 ஆனது. அதிகாரி எந்தத் தெருவின் கதவை முதலில் தட்டுவார் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் நீதிபதி வேண்டும், நாள் கணக்கு வேண்டும், எதிர்வாதம் வேண்டும் என்கிறேன். அரசின் கையைக் கட்டுவது வேறு, பிள்ளையைத் தகப்பன் கையில் கட்டிக் கொடுப்பது வேறு.

அகமணமே சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916இலேயே காட்டிவிட்டார். அதற்கு வாசற்காவல் பெற்றவர்கள்தான். காதல் திருமணத்துக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயம் வேண்டும் என்று சாதிக்காரர்கள் கேட்பது (அதுவும் 18 வயது தாண்டியவளுக்கு!) பாசத்தினால் அல்ல. அதை எதிர்த்துத் தெருவில் நிற்கிறோம். பக்கத்து வீட்டில் 8 வயதுப் பிள்ளையின் அலறல் கேட்டால் மட்டும் 'குடும்ப விவகாரம்' என்று ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறோம்?