நிமிர்கிறதா, உணர்கிறதா?

காலின் இரண்டாவது விரல் பெருவிரலைவிட நீண்டிருந்தால் அந்தப் பெண் கணவனை ஆட்டிவைப்பாள் என்று பெண் பார்க்கப் போகிற இடங்களில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. கணவன் கதை இருக்கட்டும். அந்த விரலை ஆட்டிவைப்பது காலணிதான். கடையில் ஷூவைப் போட்டுப் பார்க்கும்போது பெருவிரல் முட்டுகிறதா என்று மட்டுமே அழுத்திப் பார்க்கிறோம். அதைவிட நீண்ட விரல் உள்ளே மடங்கிக்கொண்டு இடம் கொடுத்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் மடங்கிய விரல் பிறகு காலணியைக் கழற்றினாலும் நேராவதில்லை. நடுக்கணு மேலே புடைத்து, நுனி தரையைக் குத்தி நிற்கும் இந்தக் கோணலை மருத்துவர்கள் ‘ஹேமர் டோ’ என்கிறார்கள். சுத்தியல் விரல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நுனிக்கணு மட்டும் மடங்குவது ‘மேலட் டோ’. விரலின் அடிமூட்டு மேல்நோக்கி எழும்பி, மற்ற இரண்டு கணுக்களும் கீழே கொக்கிபோல் வளைவது ‘கிளா டோ’. நம்மில் பலர் இதை அழகுக் குறையாக எடுத்துக்கொள்கிறோம், அல்லது கால் ஆணி என்று நினைத்து மேலோட்டமாக வைத்தியம் பார்க்கிறோம். விரல் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை வைத்து இதன் தீவிரத்தை எடைபோட முடியாது என்பதே என் வாதம். கையால் பிடித்தால் அது நிமிர்கிறதா, தொட்டால் அது உணர்கிறதா என்ற இரண்டு கேள்விகளின் விடைதான் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டும்.

விரல் ஏன் மடங்குகிறது என்று பார்த்தால் இந்த இரண்டு கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கும். பெருவிரல் தவிர்த்த நான்கு விரல்களையும் இரண்டு வகைத் தசைகள் ஆள்கின்றன. முழங்காலுக்குக் கீழே தொடங்கி நீண்ட தசைநாண்களாக இறங்கிவருபவை ஒரு வகை. அவை வலிமையானவை, விரலை மேலே இழுக்கவும் கீழே மடக்கவும் வல்லவை. பாதத்துக்குள்ளேயே தொடங்கி முடிகிற சின்னஞ்சிறு தசைகள் இன்னொரு வகை. விரலின் அடிமூட்டைத் தரையோடு பிடித்து, மேல் கணுக்களை நேராக வைப்பது அவற்றின் வேலை. பந்தல்காலை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துவதைப் போன்ற ஏற்பாடு இது: ஒரு கயிறு தளர்ந்தால் கால் எதிர்ப்பக்கம் சாய்கிறது. சிறு தசைகள் வலுவிழந்தாலோ, காலணி விரலை நாள்தோறும் மடக்கிவைத்தாலோ, அடிமூட்டின் கீழுள்ள தடித்த நார்த்தகடு கிழிந்தாலோ, நீண்ட தசைநாண்களின் இழுப்பு மேலோங்கிவிடுகிறது. தொடக்கத்தில் கையால் பிடித்து நேராக்கலாம். நாளடைவில் தசைநாண் குறுகி, மூட்டைச் சுற்றிய உறை இறுகி, விரல் அந்த நிலையிலேயே உறைந்துபோகிறது. நெகிழ்வான கோணலுக்கும் விறைத்த கோணலுக்கும் உள்ள இந்த வேறுபாடு, காலணியை மாற்றினால் போதுமா, எலும்பில் கைவைக்க வேண்டுமா என்கிற அளவுக்குப் பெரியது.

காலணியின் மேல் பழி போடச் சான்று இருக்கிறது. 1958-இல் ஹாங்காங்கில் லாம் சிம்-ஃபூக், ஹாட்ஜ்சன் ஆகிய இரு மருத்துவர்கள் காலணி அணிந்த சீனர்களின் பாதங்களையும் அணியாத சீனர்களின் பாதங்களையும் ஒப்பிட்டார்கள். பெருவிரல் உள்நோக்கிச் சாயும் கோணல் முதல் கூட்டத்தில் 33 விழுக்காடு. இரண்டாவது கூட்டத்தில் 1.9 விழுக்காடு. அது பெருவிரலின் கோணல்தானே என்று கேட்கலாம். சாய்ந்த பெருவிரல் பக்கத்து விரலை நெருக்கித் தள்ளுகிறது. அந்த விரலுக்கு மேலேயோ கீழேயோ மடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. சுத்தியல் விரல் பெரும்பாலும் இரண்டாவது விரலிலேயே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் பாத எலும்பியல் மருத்துவர்கள் சங்கம் 356 பெண்களிடம் எடுத்த ஆய்வு 1993-இல் வெளியானது. அவர்களில் 88 விழுக்காட்டினர் தங்கள் பாதத்தைவிடச் சிறிய காலணியை அணிந்திருந்தார்கள்; ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஒரு பாதக் கோணல் இருந்தது. குதிகால் உயர்ந்த காலணியில் தீங்கு இரட்டிப்பு: உடல் எடை முன்பாதத்துக்குச் சரிகிறது, விரல்கள் குறுகிய முனைக்குள் தள்ளப்படுகின்றன. ஆண்களைவிடப் பெண்களிடம் இந்தக் கோணல் அதிகம் என்பதற்கு இயற்கையை மட்டும் காரணம் காட்ட முடியாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: இதெல்லாம் பரம்பரை வாகு, அம்மாவுக்கு இருந்தது மகளுக்கும் வந்தது, செருப்பு என்ன செய்யும்? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் பங்கேற்றவர்களின் பாதங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவுகள், பெருவிரல் சாய்வுக்கும் சிறுவிரல் கோணல்களுக்கும் மரபுவழித் தொடர்பு வலுவாக இருப்பதைக் காட்டின. நீண்ட இரண்டாவது விரல், உயர்ந்த பாத வளைவு, தளர்ந்த மூட்டு போன்றவை பிறப்போடு வருபவை. ஆனால் ஹாங்காங்கில் ஒப்பிடப்பட்ட இரு கூட்டத்தாரும் சீனர்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. பரம்பரை ஒரு பாதத்தை எளிதில் கோணக்கூடியதாக ஆக்குகிறது. காலணி அதைக் கோணலாக்கி முடிக்கிறது. அம்மாவுக்கு இருந்தது என்று தெரிந்த மகள்தான் காலணியில் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும். தவிர, எல்லாக் கோணலுக்கும் காலணியும் பரம்பரையும் மட்டுமே காரணமில்லை. முடக்குவாதம் மூட்டுகளை அரித்துப் பல விரல்களை ஒரே காலத்தில் கோணலாக்கும். பக்கவாதம், நரம்புகளைத் தாக்கும் பரம்பரை நோய்கள், விரலில் பட்ட பழைய அடி ஆகியவையும் காரணமாகலாம். சிறுவர்களிடம் உயர்ந்த பாத வளைவும் மடங்கிய விரல்களும் சேர்ந்து தெரிந்தால், காலணிக் கடைக்குப் போவதற்கு முன் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

நாம் செருப்புப் போடுகிற மக்கள், ஷூ போடும் நாட்டுச் சிக்கல் நமக்கு எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. விரல்களைத் திறந்து விடும் செருப்பு அவற்றை நெருக்குவதில்லை என்பது சரி. ஆனால் பின்வார் இல்லாத தளர்ந்த செருப்பு கழன்றுவிடாமல் இருக்க, ஒவ்வொரு அடியிலும் விரல்கள் மடங்கி அதைக் கவ்விப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே தசைச் சமநிலை கெட்ட பாதத்துக்கு இது உதவாது. மேலும், நாம் முழுக்கச் செருப்புப் போடுகிறவர்களாகவும் இப்போது இல்லை. வளர்கிற பிள்ளைகள், போன ஆண்டு வாங்கிய கறுப்பு ஷூவுக்குள் இந்த ஆண்டும் பாதத்தைத் திணித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். காவலர்கள், கடைக் காவலாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் கொடுக்கப்பட்ட அளவிலேயே ஷூவை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கிறார்கள். மணமான பெண்கள் மெட்டி அணிவதும் இதே இரண்டாவது விரலில்தான். விரல் வளைந்து வீங்கும்போது இறுகிய மெட்டி தோலை அறுக்கும். உணர்ச்சி குறைந்த காலில் அது தெரியவே தெரியாது.

வலி எங்கே வரும் என்பதும் இந்தக் கோணலின் அமைப்பிலேயே இருக்கிறது. புடைத்த நடுக்கணுவின் மேல் காலணி உரசும். அங்கே சிவந்து ஆணி விழும். தரையைக் குத்தும் நுனியில், நகத்தை ஒட்டித் தோல் காய்க்கும். விரலின் அடிமூட்டு மேலே எழும்பும்போது அதற்குக் கீழுள்ள எலும்புத் தலை உள்ளங்காலில் அழுந்தி, முன்பாதத்தில் மூன்றாவது காய்ப்பு உண்டாகும். கூழாங்கல்லை மிதிப்பதுபோல் இருக்கிறது என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். மூன்று இடத்திலும் தோல் தடிப்பது அழுத்தத்துக்கான தற்காப்பு. எனவே ஆணியை வெட்டுவதால் அழுத்தம் போவதில்லை, அது திரும்ப முளைக்கிறது. ஆனாலும் நம் வீடுகளில் முதல் சிகிச்சை சவர பிளேடு. இரண்டாவது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கார்ன் பிளாஸ்டர். அந்தப் பிளாஸ்டரில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் ஆணியையும் கரைக்கும், பக்கத்துத் தோலையும் அரிக்கும். சர்க்கரை நோயாளிகளும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் இவை இரண்டையும் தொடவே கூடாது.

சர்க்கரை நோய்க்கு வரும்போதுதான் இரண்டாவது கேள்வியின் கனம் புரியும். ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். இந்நோய் நீளமான நரம்புகளின் முனைகளை முதலில் சேதப்படுத்துவதால் பாதங்கள்தான் முதலில் மரத்துப்போகின்றன. அதே சேதத்தில் பாதத்தின் சிறு தசைகளும் மெலிந்து விரல்கள் வளைகின்றன. ஆக, வளைவும் உணர்விழப்பும் ஒரே வேரிலிருந்து கிளம்பி ஒன்றாக வந்து சேர்கின்றன. வளைந்ததால் அழுத்தம் கூடுகிறது. மரத்ததால் அந்த அழுத்தம் தெரிவதில்லை. இந்தக் கூட்டணியை உலகுக்கு விளக்கியதில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் 1946 முதல் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றினார். விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்ற நம்பிக்கையை அவர் மறுத்தார். வலி தெரியாததால் திரும்பத் திரும்பப் படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்று காட்டினார். தொழுநோயாளிகளின் கால்விரல்கள் வளைவதும் கணுக்காலருகே நரம்பு கெட்டுச் சிறு தசைகள் செயலிழப்பதால்தான். வேலூரிலும் அதை அடுத்த கரிகிரியிலும் வளர்ந்த அந்தப் பணியில் எம்சிஆர் என்னும் மென்ரப்பர் செருப்புக்கு முக்கிய இடம் இருந்தது. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருத்தினார்.

வலிக்கவில்லையே, பிறகு ஏன் பார்க்க வேண்டும் என்ற மூன்றாவது மறுப்புக்கு இங்கேதான் விடை. உணர்வுள்ள காலில் வலிக்காத வளைந்த விரலை, காலணியை மட்டும் சரிசெய்து விட்டுவிடலாம். அழகுக்காக அறுவை செய்துகொள்வது தேவையற்ற ஆபத்து. உணர்வற்ற காலில் வலியின்மைக்கு எந்தப் பொருளும் இல்லை. இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான தொடுசோதனைக்குக் கருவியே தேவையில்லை. கண்ணை மூடச்சொல்லி, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. முதல் கேள்விக்கு, உள்ளங்காலில் விரல்களின் அடிப்பகுதியைக் கீழிருந்து மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். விரல் நேரானால் இன்னும் நெகிழ்வு இருக்கிறது, நேராகாவிட்டால் விறைத்துவிட்டது.

நெகிழ்வும் உணர்வும் இருந்தால் சிகிச்சை எளிது. காலணியின் முன்பகுதி அகலமாக மட்டுமில்லாமல் உயரமாகவும் இருக்க வேண்டும்; மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நின்றுகொண்டு, பெரிய காலுக்கு அளவு பார்ப்பது சரி. காகிதத்தில் பாதத்தின் வெளிவரையை வரைந்து அதன்மேல் ஷூவை வைத்தால், எந்தெந்த விரல் வெளியே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். சிலிக்கான் உறை, விரலுக்கடியில் வைக்கும் திண்டு, முன்பாதத்துக்கான மெத்தை, பட்டை ஒட்டி நேராக்குவது ஆகியவை உரசலைக் குறைக்கும். தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டுவது போன்ற பயிற்சிகளைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அவை நெகிழ்வைக் காக்கலாம். விறைத்த விரலைப் பயிற்சி நிமிர்த்தாது. இவை எதுவும் கோணலைக் குணப்படுத்தவில்லையே என்றால், உண்மைதான். வலியை நீக்கி, கோணல் முற்றுவதைத் தள்ளிப்போடுவதே இவற்றின் பயன். பலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை.

நெகிழ்வு இருந்து உணர்வு இல்லாத விரலைத்தான் நாம் அதிகம் கைவிடுகிறோம். சர்க்கரை நோய்ப் பாதம் பற்றிய பன்னாட்டுப் பணிக்குழு தன் 2023 வழிகாட்டுதலில், விறைக்காத சுத்தியல் விரலின் நுனியில் அதிகக் காய்ப்போ புண்ணுக்கு முந்திய அறிகுறியோ தெரிந்தால், விரலை மடக்கும் தசைநாணை வெட்டிவிடுவதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, சிறு துளை வழியே முடிக்கும் வேலை இது. பளு பக்கத்து விரலுக்கு மாறும் வாய்ப்பு உண்டு என்பதால் பிறகும் கண்காணிக்க வேண்டும். ஆனாலும் புண் வந்து விரலை இழப்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய விலை. விறைத்துவிட்ட விரலுக்குத்தான் பெரிய அறுவை: நடுக்கணுவில் எலும்பைச் சிறிது வெட்டி நேராக்குவார்கள், அல்லது இரண்டு எலும்புகளையும் ஒட்டவைத்து நான்கு முதல் ஆறு வாரம் கம்பியால் நிறுத்துவார்கள். ஒரேயடியாக அறுவை செய்தால் தீர்ந்ததே என்பவர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. காலில் ரத்த ஓட்டம் போதாவிட்டால் இந்தக் காயம் ஆறாது. ஆறினாலும் வீக்கம் மாதக்கணக்கில் நீடிக்கலாம். சாய்ந்த பெருவிரலையும் குறுகிய ஷூவையும் அப்படியே விட்டால் நேராக்கிய விரல் மறுபடி வளையலாம்.

இந்த வாதம் சரியென்றால் மாற வேண்டியது நோயாளியின் பழக்கம் மட்டுமில்லை. சர்க்கரை அளவைச் சீட்டில் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்கும் வழக்கமான ஐந்து நிமிடச் சந்திப்பில் பாதம் இடம்பெறுவதே இல்லை. மருத்துவர் கேட்காவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது செருப்பையும் சாக்ஸையும் கழற்றிக் காட்ட நோயாளிக்கு உரிமை உண்டு. பள்ளிகளும் சீருடை வழங்கும் துறைகளும் ஷூவின் நிறத்தை விதியாக்கும்போது, அதன் அகலத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதியையும் சேர்த்துக் கொடுக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை. தசைநாண் வெட்டு போன்ற சிறு சிகிச்சை மாவட்ட மருத்துவமனைகளில் தடையின்றிக் கிடைத்தால், விரலையே எடுக்கும் அறுவைகளில் ஒரு பகுதியாவது குறையும். காலணி முதலில், தசைநாண் அடுத்து, எலும்பு கடைசியில் என்ற வரிசை விரல் நெகிழ்வாக இருக்கும்வரைதான் நம் கையில் இருக்கிறது. விறைத்த பிறகு எலும்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். மரத்துப்போய்ப் புண்ணான பிறகு பேச்சு விரலைக் காப்பதிலிருந்து பாதத்தைக் காப்பதற்கு மாறிவிடும்.