ஒரே இணைப்பு, மூன்று குடித்தனம்

காஞ்சியை அடுத்த கூரத்துச் செப்பேடுகள் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பரமேசுவரவர்ம பல்லவன் காலத்தில் அவ்வூருக்கு ஓர் ஏரி அமைந்ததையும், பாலாற்றினின்று பெரும்பிடுகு என்னும் கால்வாய் அதற்கு நீர் கொணர்ந்ததையும் அவை கூறும். கடைமடையில் நீர் வராவிடில் குறை ஆற்றிலா, காலிலா, மதகிலா என்று நடந்து பார்ப்பது உழவர் வழக்கம். ஒரே இணைய இணைப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் குடித்தனக்காரர்களோ நடந்து பார்ப்பதில்லை. "மாடி வீட்டுப் பிள்ளை படம் பார்த்தே தீர்த்துவிடுகிறான்" என்று பழி முந்திக்கொள்கிறது. பேச்சு வார்த்தை நின்றுபோன வீடுகளும் உண்டு.

அன்பர்களே, மற்றக் கருவிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, ஒரு மடிக்கணினியை ரவுட்டருடன் கம்பியால் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்டே, இதையறியாமல் ஏமாந்தோம் என்பாரும் உளர். கம்பியிலேயே வேகம் குன்றினால், மாத அளவு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். ஒளியிழைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்பது பொருள். நிறுவனத்தாரே வந்து பார்க்க வேண்டும்.

கம்பியில் சரியாயிருந்து வைஃபையில் மட்டும் தடுமாறினால், குறை வீட்டிற்குள்தான். இரும்பு பீரோவின் பின்னே ரவுட்டரை ஒளித்துவைப்பது நம்மவர் வழக்கம். அதை வீட்டின் நடுவே, உயரத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஓரளவு ஊடுருவும். ஆயினும் அண்டை வீட்டார் அலைகளும் நுண்ணலை அடுப்பும் அதில் குறுக்கிடும். அதில் 1, 6, 11 ஆகிய தடங்களுள் நெரிசல் குறைந்ததைத் தெரிந்தெடுக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும்.

பலரும் கவனியாத காரணம் ஒன்றுண்டு. ஒரு குடும்பம் பட்டுச் சேலைகளின் காணொளிகளை வாடிக்கையாளருக்கு அனுப்புகிறது என்போம். அனுப்பும் வழி நிரம்பி, வரிசை நீள்கிறது. மற்றவர் பெறும் தகவலுக்கு இங்கிருந்து செல்லவேண்டிய சிறு ஒப்புதல்களும் அவ்வரிசையில் சிக்குகின்றன. அடுத்த அறையில் பிள்ளையின் பாடம் நின்று நின்று வருகிறது. படம் பார்ப்பவன்மீது பழி விழுகிறது. அவன் பெறுகிறானேயன்றி அனுப்புவது சொற்பம். வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி சில ரவுட்டர்களில் உண்டு. அதில் அனுப்பும் வேகத்தை, அளந்த வேகத்தில் பத்தில் ஒன்பது பங்காக வரையறுத்தால் நெரிசல் பெரிதும் தணியும். அவ்வசதி இல்லையேல் காணொளிகளை இரவில் அனுப்பலாம்.

எந்த நேரத்தில் நின்றது, அப்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று மூன்று நாள் ஒரு தாளில் எல்லாரும் எழுதிவாருங்கள். நிறுவனத்திடம் முறையிடுங்கால் அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசி, புகார் எண்ணையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.