ஓட்டைச் சிப்பிக்கும் மதிப்பு உண்டு!

கடற்கரைக்குப் போகும் குழந்தைகள் சிப்பி பொறுக்குவார்கள். முழுச் சிப்பி கிடைத்தால் மடியில் கட்டிக் கொள்வார்கள். ஓட்டை விழுந்தது, அரித்துப் போனது என்றால் வீசி எறிந்து விடுவார்கள்.

பெரியவர்களும் அப்படித்தான். ஆனால் பழங்காலக் கடலை ஆராய்கிறவர்கள் ஓட்டைச் சிப்பியை வீச மாட்டார்கள். ஏன் தெரியுமா? அதில் கடலின் பழைய கதை எழுதியிருக்கிறது!

அரியலூரில் கடல்

அரியலூரில் இன்று கடல் இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே வெகுதூரம் போக வேண்டும்.

ஆனால் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பக்கம் பூமியைத் தோண்டினால், தடித்த கடல் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. ஒன்றிரண்டு அல்ல, அடுக்கடுக்காக!

வெள்ளைக்காரர் காலத்திலேயே இது தெரியும். இன்றைய செக் நாட்டில் பிறந்த ஸ்டோலிச்கா என்ற அறிஞர், 1862-ல் இந்தியாவுக்கு வந்தார். இந்தப் பகுதியில் கிடைத்த கல் சிப்பிகளையும் நத்தைகளையும் ஆராய்ந்து பெரிய நூல்களே எழுதினார்.

துளை போட்டது யார்?

சிப்பியில் ஒரே ஒரு வட்டத் துளை. மேலே அகலம், உள்ளே குறுகல். தச்சன் துளைத்தது போல் இருக்கும். இது ஒருவகைக் கடல் நத்தையின் வேலை. அமிலத்தைக் கசியவிட்டு, அரம் போன்ற நாக்கால் சுரண்டித் துளை போடும். பிறகு உள்ளே இருக்கும் சதையைத் தின்றுவிடும். இன்றைய கடலிலும் இது நடக்கிறது.

குண்டூசியால் குத்தியது போல் பல துளைகளா? அது ஓட்டைக் குடைந்து உள்ளே குடியிருக்கும் ஒருவகைக் கடல் பஞ்சின் வேலை. கடல் பஞ்சு என்பது செடி அல்ல, உயிருள்ள பிராணி.

சிப்பியின் உட்புறத்தில் வலை பின்னியது போல் ஏதோ ஒட்டிக் கொண்டிருக்கிறதா? அதுவும் சிறிய கடல் பிராணிகளின் கூடு. உயிரோடு இருக்கும் சிப்பிக்குள் இவை குடிபுக முடியாது. எனவே சிப்பி செத்து, வாய் திறந்து, கடலடியில் நெடுநாள் கிடந்தது என்று தெரிகிறது. அங்கே சேறு மெதுவாகத்தான் படிந்தது என்றும் தெரிகிறது.

இரண்டு ஓடுகளும் மூடியபடி, ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தால்? மணலோ சேறோ திடீரென்று வந்து மூடியிருக்க வேண்டும். ஒருவேளை அன்று புயல் அடித்திருக்கலாம்!

இடம் முக்கியம்

ஒரு சிப்பியை வைத்து முடிவு கட்ட முடியாது. நூற்றுக்கணக்கில் பார்க்க வேண்டும். எந்த அடுக்கில் கிடந்தது, குப்புறக் கிடந்ததா, மல்லாந்து கிடந்ததா என்று குறித்துக் கொள்ள வேண்டும். கண்டவுடன் பெயர்த்து வந்து அலமாரியில் வைத்துவிட்டால், பாதிச் சாட்சி போய்விடும்.

இங்கேதான் கவலை வருகிறது. இந்தச் சிப்பி அடுக்குகள் சுண்ணாம்புக் கல்லாக இருக்கின்றன. சுண்ணாம்புக் கல் இல்லாமல் சிமெண்டு இல்லை. எனவே சுரங்கத்தில் வெட்டி, ஆலையில் அரைக்கிறார்கள்.

சிமெண்டு வேண்டாமா? வேண்டும். வீடு கட்ட வேண்டும், பாலம் கட்ட வேண்டும். பல குடும்பங்களுக்கு அந்த ஆலைகள்தான் சோறு போடுகின்றன. ஆலையை மூடச் சொல்வது நியாயம் அல்ல.

ஆனால் எல்லாவற்றையும் அரைக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேலை முடிந்த ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரு பக்கச் சுவரை அப்படியே விட்டு வைக்கலாம். அதன் அருகே தமிழில் ஒரு பலகை வைக்கலாம். தக்க பாதுகாப்போடு பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டலாம். வாரணவாசியில் இதற்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் முழு அடுக்கையும் வைக்க முடியாது.

இன்று கடல் சூடாகி வருகிறது. கரியமில வாயு கலந்து கடல்நீரின் தன்மையும் மாறி வருகிறது. இதனால் என்ன ஆகும் என்று உலகமே கேட்கிறது. கடல் முன்பு எப்படி எல்லாம் மாறியது என்று தெரிந்தால்தான் பதில் தேட முடியும். அந்தச் சாட்சிகளில் சில நம் மண்ணில் கிடக்கின்றன.

வீட்டுக்குச் சிமெண்டு வேண்டும். சாட்சியும் வேண்டும். ஒரு சுவரை மிச்சம் வைத்தால் இரண்டும் கிடைக்கும்!