மல்லர் குழாமும் எதிர்ச்சேரியும்

மல்யுத்தம் தமிழர்க்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். ஆண்டு நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தோற்ற மல்லனைப் புலவர் எளியவனாகக் காட்டவில்லை. மிக்க வலியுடையவனாகவே காட்டுகின்றார். மல்லன் எளியவனாயின் கிள்ளியின் வெற்றிக்கு ஏது பெருமை?

இன்று நம் மாணவர் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கண்டு களிக்கும் அமெரிக்க மல்யுத்தமோ வேறு வகையினது. வெற்றி தோல்விகள் முன்னரே வகுக்கப்பட்டு ஆடப்பெறுவதாகலின், அதனைப் போட்டி என்பதினும் கூத்து என்பதே பொருந்தும். அக்கூத்தில் மல்லர் சிலர் ஒன்றுகூடிக் குழாம் அமைத்துப் பிறரை எதிர்ப்பதுண்டு. அத்தகைய குழாம்களுள் சில நெடுங்காலம் புகழ்பெறுகின்றன. சில விரைவில் சிதைகின்றன. காரணம் யாது? உடல்வலி அன்று. உள்ளே ஆளுக்கொரு பணியும், வெளியே தகுதி வாய்ந்த எதிரணியும் அமைதலே காரணம் என்பது எமது கருத்து.

1986ஆம் ஆண்டளவில் புகழ்பெற்ற ‘நான்கு குதிரைவீரர்’ என்னும் குழாத்தை எடுத்துக்கொள்வோம். றிக் பிளெயர் செருக்கு மிக்க வாகையர், ஆர்ன் அண்டர்சன், ஓல் அண்டர்சன், ரல்லி பிளாஞ்சாட் ஆகியோர் அவருக்குத் துணைவர், ஜே. ஜே. டிலன் சூழ்ச்சி சொல்லும் மந்திரி. நம் வடமோடிக் கூத்தில் அரசனுக்கும் மந்திரிக்கும் சேனாபதிக்கும் தனித்தனி வரவும் ஆட்டமும் உள்ளமை போன்றதே இது. அவர்களை எதிர்த்து நின்றவர் டஸ்ரி றோட்ஸ். நீர்க்குழாய்த் தொழிலாளியின் மகன் எனத் தம்மைக் கூறிக்கொண்டு எளியோரின் அன்பைப் பெற்றவர் அவர். 1986 யூலையில் பிளெயரிடமிருந்து வாகைப் பட்டத்தை அவர் பறித்தார். அடுத்த மாதமே பிளெயர் அதனை மீட்டார். இடையில் நேர்ந்த அத்தோல்வி குழாத்தின் புகழைக் குறைத்ததோ? இல்லை, வளர்த்தது.

இதற்கு மாறானது 1996 யூலையில் ஹல்க் ஹோகன், ஸ்கொட் ஹோல், கெவின் நாஷ் ஆகிய மூவர் அமைத்த ‘புதிய உலக ஒழுங்கு’. அக்குழாத்தின் எழுச்சியோடு, அவர்களுடைய நிறுவனமாகிய டபிள்யூ. சி. டபிள்யூ.வின் வாராந்த நிகழ்ச்சி, போட்டி நிறுவனத்தின் நிகழ்ச்சியை 83 வாரங்கள் தொடர்ந்து விஞ்சியது. ஆயினும் மூவர் மிகப் பலராயினர். யாருக்கு என்ன பணி என்பது தெரியாதாயிற்று. ஓராண்டுக்கு மேலாக மக்கள் எதிர்பார்த்திருந்த எதிர்வீரர் ஸ்ரிங், 1997 டிசம்பரில் ஹோகனை எதிர்த்தார். அவர் வென்றார், ஆனால் ஐயத்துக்கு இடமின்றி வெல்ல விடப்படவில்லை. அடுத்த ஆண்டு குழாம் இரண்டாகப் பிளந்தது. 2001 மார்ச்சில் நிறுவனமே போட்டி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வீழ்ச்சிக்குப் பிற காரணங்களும் உண்டு. எனினும் எதிரிக்கு உரிய இடம் தர மறுத்தமை அவற்றுள் சிறிதன்று.

இப்பாடத்தைக் கற்க நாம் அமெரிக்கா வரை செல்லவேண்டியதில்லை. எழுவான்கரையும் படுவான்கரையும் நன்கறிந்த கொம்புமுறி விளையாட்டே போதும். கண்ணகி வழிபாட்டோடு இணைந்த அவ்விளையாட்டில் ஊரார் தென்சேரி, வடசேரி என இரு பிரிவாவர். தென்சேரி கண்ணகி பக்கம், வடசேரி கோவலன் பக்கம். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கோத்து, வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பர். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழக’த்தில் இதனை விரித்துரைத்துள்ளார். வென்ற சேரி தோற்ற சேரியை எள்ளிப் பாடும். ஆனால் ஊரை விட்டுத் துரத்தாது. துரத்தின் அடுத்த முறை கொம்பின் மறுபுறத்தை இழுப்பார் யார்? முறிவது கொம்பு; முறியாதது உறவு.

“எதிரியை அடக்காமல் வெற்றி ஏது?” என்று வினவுவோர் உளர். அடக்குதல் வேறு, இல்லாமற் செய்தல் வேறு. நம் இலக்கியச் சங்கங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். உறுப்பினர் தொகையைப் பெருக்குவதே வளர்ச்சி எனக் கருதுகின்றோம், பணி பகிர்வதில்லை. மாற்றுக் கருத்துடையாரை மேடைக்கு அழைப்பதில்லை. அழைத்தாலும் ஐந்து நிமிடத்தில் மணியடித்து இருத்திவிடுகின்றோம். பின்னர், கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று வருந்துகின்றோம். ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் வடத்தைக் காண யார் வருவர்?

கொம்புமுறி இன்று அருகியே நிகழ்கின்றது. நம் பாடசாலைகள் அதனை மாணவர்க்கு அறிமுகஞ் செய்தல் நன்று. பட்டிமன்றத்தில் ஒரே மாணவனை இரு கட்சிக்கும் மாறி மாறி வாதிடப் பழக்குதல் அதனினும் நன்று. எதிர்ச்சேரியின் வலிமையைத் தன் வாயாற் சொல்லக் கற்ற மாணவனே தன் சேரிக்கு உண்மையான வெற்றி தேடித் தருவான்.