வீட்டு வளவுக் கோழிகளைச் சுபாவம் நோக்கித் தெரிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கோழி வளர்க்க விரும்புவோர் முதலிற் கேட்கும் வினா, எந்த இனம் வருடத்தில் எத்தனை முட்டை இடும் என்பதே. ஆயிரம் கோழிகளை அடைத்து வைத்து முட்டை விற்பவருக்கு அவ்வினா பொருத்தமானது. ஆனால் மானிப்பாய், சுதுமலை, சண்டிலிப்பாய் முதலிய இடங்களில், இரண்டு மூன்று பரப்பு வளவினுள் வீடும் கிணறும் சிறு தோட்டமும் வைத்துக்கொண்டு ஆறு அல்லது எட்டுக் கோழிகளை வளர்க்கும் குடும்பத்துக்கு அது இரண்டாம் வினாவேயாகும். தெரியப்படும் கோழி எத்தகைய சுபாவம் உடையது என்பதையே அக்குடும்பம் முதலில் ஆராய்தல் வேண்டும்.

இதற்குக் காரணம் வேலி. மானிப்பாயில் ஒருவருடைய வளவு முடியுமிடத்தில் அடுத்தவருடைய வளவு தொடங்குகின்றது. இடையே நிற்பது கிடுகு அல்லது பனைமட்டை கட்டிய வேலி. அண்மைக்காலத்தில் பல இடங்களில் மதில். வேலிக்கு அப்பால் அயலவருடைய வெங்காயப் பாத்தியோ, மிளகாய் அல்லது கத்தரி நாற்றுமேடையோ இருக்கும். வேலிப் பொட்டினால் நுழைந்த ஒரு பேடு கால்மணி நேரத்தில் ஒரு நாற்றுமேடையைக் கிளறி அழித்துவிடும். புதிதாக நட்ட வெங்காயத்தைக் கிளறிப் புறத்தே போடுவதற்கும் அதற்கு அதிக நேரம் செல்லாது. யாழ்ப்பாணத்தில் வேலிப் பிணக்கு எவ்வளவு சிறிய காரணத்தினின்றும் எழக்கூடும் என்பதை இப்பகுதி மக்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. வருடத்தில் முந்நூறு முட்டை இடும் கோழி, முந்நூறு நாளும் அயலவருடன் பேச்சில்லாமற் செய்துவிடுமாயின் அதனை இலாபம் தரும் கோழி என்று கொள்ள முடியாது.

மற்றொரு காரணமும் உண்டு. வீட்டுக் கோழியைப் பராமரிப்பவர் பெரும்பாலும் இல்லத்தரசி, அல்லது வயது முதிர்ந்த பாட்டி, அல்லது பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை. இவர்கள் கையாற் பிடிக்க இயலாத கோழி, நோயுற்றபோது கவனிக்கப்படாத கோழியாகும். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகே இனங்காணப்பட்டதும், பின்னர் இந்தியாவின் மலைநகரொன்றின் பெயரால் இராணிக்கெட் என வழங்கப்பட்டதுமான கொடுநோய் ஒரு வளவிற் புகுந்தால் சில நாட்களில் அங்குள்ள கோழிகள் அனைத்தையுமே கொண்டுபோகக் கூடும். அதைத் தடுப்பதற்கு மருந்து உண்டு. ஆயின் கண்ணில் ஒரு துளி விடுவதற்கேனும் கோழியைக் கையிற் பிடித்தாக வேண்டுமன்றோ? மாலைவரை வளவெங்கும் துரத்தியும் அகப்படாத இரண்டு கோழிகளே பின்னர் நோய்க்கு வாயிலாகிவிடுகின்றன.

இவற்றை மனத்திற்கொண்டு இனங்களை நோக்குவோம். இத்தாலியிலுள்ள லிவோர்னோ துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய வெள்ளை லெக்கோண், முட்டைத் தொகையில் முன்னணியில் நிற்பது. உடல் ஏறக்குறைய இரண்டு கிலோகிராமே ஆதலால் தீன் குறைவாக உண்ணும். பெரிய கொண்டை உடலின் வெப்பத்தை வெளியேற்ற உதவுவதால் நமது வரண்ட கோடையையும் தாங்கும். இத்தனை சிறப்புக்களும் இருந்தும் சிறு வளவுக்கு அது ஏற்ற கோழி அன்று என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது. லெக்கோண் அச்சம் மிகுந்தது. இலேசான உடலும் வலிய செட்டையும் உடையதாதலால் ஆறடி வேலி அதற்கு ஒரு தடையன்று. மருதடிப் பிள்ளையார் கோயில் திருவிழாக் காலத்தில் வெடியோசை கேட்குமாயின், அடைபட்ட லெக்கோண் கூட்டம் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். அடியிற் கிடப்பவை மூச்சடைத்து இறத்தலும் உண்டு. பயந்த பேடு அடுத்த நாளில் ஓடு மெலிந்த முட்டை இடுவதும், சில நாட்கள் இடாமலே விடுவதும் வழக்கம். புத்தகத்தில் எழுதப்பட்ட முட்டைக் கணக்கு, அமைதியான கூட்டில் அளந்து தீன் பெறும் கோழியின் கணக்கு. நாய் குரைக்கும், பிள்ளைகள் ஓடி விளையாடும் வளவுக்கு அக்கணக்கு அப்படியே பொருந்தாது.

சாந்தமான கோழி முட்டை குறைவாக இடும் என்ற எண்ணம் பலரிடத்தே வேரூன்றியுள்ளது. இது தவறு. 1922ஆம், 1923ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவில் நடந்த முட்டையிடும் போட்டியொன்றில் ஆறு பேடுகள் கொண்ட ஒரு கூட்டம் 365 நாட்களில் 1857 முட்டைகளை இட்டது. சராசரி ஒரு பேட்டுக்கு 309 முட்டைக்கு மேல். அவை லெக்கோண் அல்ல; இங்கிலாந்தின் கரிய ஓப்பிங்டன் இனத்தினின்று அவுஸ்திரேலியர் விருத்திசெய்த ஒஸ்ரலோப் கோழிகள். கோழியினங்களுள் அடக்கத்துக்குப் பெயர்பெற்றது இவ்வினம். மூன்று கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த உடலுடைய இப்பேடு நாலடி வேலியைக்கூடத் தாண்ட முயலுதல் அரிது. தீன் தருபவரின் காலடியிலே நிற்கும். பிள்ளை தூக்கினாலும் திமிறாது. அதன் குறை கருநிறமே. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வெயிலில் விடப்பட்டால் வாய்திறந்து இளைக்கும். மாமர நிழலும், மண்சட்டியிற் குளிர்ந்த நீரும் இருப்பின் அக்குறை பெரிதன்று.

றோட் ஐலண்ட் றெட் என்னும் செந்நிறக் கோழி இலங்கையர் நெடுங்காலம் அறிந்த இனம். அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலம் 1954இல் இதனைத் தன் மாநிலப் பறவையாகவே ஏற்றுக்கொண்டது. உறுதியும், எத்தீனையும் உண்ணும் இயல்பும், மனிதரிடம் அச்சமின்மையும் இதன் நற்குணங்கள். எனினும் இவ்வினத்தை உருவாக்கியோர் போர்க்குணமுள்ள மலாயாக் கோழியின் இரத்தத்தையும் அதிற் சேர்த்தனர் என்பதை மறத்தலாகாது. ஒஸ்ரலோப் போன்ற மென்மையான கோழிகளுடன் செந்நிறக் கோழி ஒன்றிரண்டைச் சேர்த்துவிட்டால், தீன்தொட்டி விரைவிலே செந்நிறக் கோழிகளின் உடைமையாகிவிடும். தனியே வளர்க்கின் தொல்லையில்லை.

இக்காலத்தில் தூய இனங்கள் எல்லா இடத்திலும் எளிதிற் கிடைப்பதில்லை. வாங்கக் கிடைப்பவை பெரும்பாலும் ஷேவர் பிறவுண் முதலான பழுப்புநிறக் கலப்பினங்களே. இவை மனிதரை அண்டி வரும். அதனால் ஏமாறுதல் கூடாது. மனிதரிடம் சாந்தமாயிருத்தல் வேறு. தம் இனத்திடம் சாந்தமாயிருத்தல் வேறு. கையிலிருந்து தவிடு கொத்தித் தின்னும் அதே பேடு, கூட்டினுள் மற்றொரு பேட்டின் வாற்புறத்து இறகைப் பிடுங்கி இரத்தம் காணும்வரை கொத்தக்கூடும். நெருக்கமும், புரதக் குறைவும், செய்வதற்கு வேலையின்மையும் இத்தீய பழக்கத்தை வளர்க்கும். ஒரு கோழிக்கு நாலு சதுர அடிக்குக் குறையாத கூட்டிடமும், பகலில் கிளறுவதற்கு மண்ணும் சருகும், தீனில் கருவாட்டுத் தூளோ மீன்தூளோ சிறிதும், கூட்டின் நடுவே கட்டித் தொங்கவிட்ட முருங்கை அல்லது அகத்திக் குழையும் இருப்பின் பெரும்பாலான வளவுகளில் இத்தொல்லை எழுவதில்லை. குழையைத் தரையிற் போடாது தொங்கவிடுதல் வேண்டும். எட்டிக் கொத்தும் வேலை அவற்றுக்குப் பொழுதுபோக்காகும்.

கோழிகளிடையே மேல் கீழ் என்னும் ஒழுங்கு உண்டென்பதை 1920களின் தொடக்கத்தில் நோர்வே நாட்டவரான ஷெல்டறுப் எப்பே என்னும் அறிஞர் ஆராய்ந்து வெளியிட்டார். எது எதைக் கொத்தும், எது எதற்கு வழிவிடும் என்பது கூட்டத்தில் நிலைபெற்றுவிட்டாற் சண்டை குறையும். அவ்வொழுங்கு தீய குணமன்று. ஒரு கோழியையே எல்லாக் கோழிகளும் துரத்திக் காயப்படுத்துதல்தான் தீய குணம். அது பரம்பரையாகவும் வரும். அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மூயர் என்பவர் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத் தெளிவாகக் காட்டிற்று. தனித்தனிக் கோழியின் முட்டையை எண்ணாமல், ஒரு கூட்டில் ஒருங்கே வாழ்ந்த கோழிகளின் மொத்தப் பயனை நோக்கி, சிறந்த கூட்டத்தையே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக அவர் தெரிந்தார். கொத்துண்டு இறத்தல் முதலியவற்றால் வருடத்தில் நூற்றுக்கு 68 ஆக இருந்த இறப்பு, சில தலைமுறைகளுள் நூற்றுக்கு 9க்கும் குறைவாயிற்று. முட்டைத் தொகையும் உயர்ந்தது. மற்றவற்றை அடக்கித் தின்று அதிகம் இடும் பேட்டையே எப்போதும் தெரிந்தெடுத்து அடைக்கு வைப்பவர், தம்மையறியாமலே முரட்டுக் கோழிகளை விருத்திசெய்கின்றார் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, ஊர்க்கோழியைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும். வருடத்தில் ஐம்பது அறுபது முட்டைக்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தல் அரிது. வேலி பாயும்; பூவரசிலும் மாவிலும் ஏறித் துயிலும்; ஒளித்து முட்டையிடும். ஆயினும் அதன் குணத்தை இழிவாகப் பேசுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அயலவரின் பாத்திக்கு அதனை இட்டுச்செல்லும் அதே விழிப்புத்தான் பருந்தினின்றும் கீரியினின்றும் அதனைக் காப்பாற்றுகின்றது. காலடியிற் படுத்துக் கிடக்கும் ஒஸ்ரலோப் பேடு, கீரி அருகில் வரும்வரையும் அப்படியே கிடக்கும். சாந்தமான இனத்தை விரும்புவோர் அதற்குரிய விலையாக, இரவில் மரநாய் நுழையாதபடி அடியும் முகடும் அடைத்த கூட்டைச் செய்தே தீரவேண்டும். கூட்டுக்குச் செலவிட இயலாதவருக்கு ஊர்க்கோழியே தக்கது. வேறு ஆலோசனை கூறுதல் நேர்மையன்று.

அடைகாத்தலும் சுபாவத்தின் ஒரு கூறே. லெக்கோண் அக்குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. கலப்பினங்களும் அவ்வாறே. ஊர்க்கோழி ஒன்று வளவில் இருப்பின், பழைய கடகத்தில் வைக்கோல் பரப்பி, நல்லினத்தின் முட்டை ஒன்பது பத்தை அதன்கீழ் வைத்து 21ஆம் நாளில் குஞ்சு காணலாம். அசீல் என்னும் சண்டைக்கோழியின் பேடு தாய்மையில் அதனினும் உறுதியானது. குஞ்சை நெருங்கும் காகத்தின்மேற் பாயும். ஆனால் மற்றப் பேடுகளுடன் அதனைச் சேர்த்துவைத்தல் அறிவுடைமையன்று. அடைக்கிடந்த பேட்டை எழுப்புவதற்கு நீரில் அமிழ்த்துவதும், மூக்கிற் சிறகு குத்துவதும் சில இடங்களில் உள்ள வழக்கம். இவை கோழியை மனிதருக்கு அஞ்சச் செய்வதன்றி வேறு பயன் தருவன அல்ல. காற்றோட்டமுள்ள, அடியிற் சலாகை வைத்த கூட்டில் மூன்று நாலு நாள் தீனும் நீரும் கொடுத்து வைத்தாற் போதும்.

2009இல் போர் முடிந்தபின், வட மாகாணத்தில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிகள் வழங்கப்பட்டன. இத்தகைய உதவியை இனியும் வழங்குவோர், முட்டைத் தொகையை மாத்திரம் பார்த்து இனத்தைத் தெரிந்து கூடு நிறையக் கொண்டுவந்து இறக்குதல் தகாது. வளவின் வேலி எத்தகையது, பராமரிப்பவர் யார், இரவுக் கூடு உண்டா என்று பெறுபவரையே வினவித் தெரிதல் வேண்டும். தனியே பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய்க்கு அயலவரின் நல்லெண்ணம் முட்டையினும் பெரிய முதல்.

இனத்தைத் தெரிந்தபின்னும் தனிக் கோழியைத் தெரியும் வேலை எஞ்சியுள்ளது. ஒரே இனத்துள்ளும் குணம் வேறுபடும். வாங்கச் செல்பவர் கூட்டின் முன் சிறிதுநேரம் அசையாது நின்று பார்த்தல் நன்று. முதலிலே மூலைக்கு ஓடி மற்றவற்றின் மேல் ஏறுவதை விலக்குக. தலையை உயர்த்தி நோக்கிவிட்டு மீண்டும் தீன் கொத்துவதைக் கொள்க. கோழியை மல்லாத்திப் பிடித்துப் பார்த்து, அசையாமற் கிடப்பதைச் சாதுவான கோழி என வியாபாரிகள் சிலர் காட்டுவர். உண்மை அதற்கு மாறானது. அவ்வாறு நெடுநேரம் கிடப்பது அச்சத்தால் உடல் மரத்துப்போனதன் அறிகுறியென ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். விரைவில் எழுந்து நிற்கும் பேடே அச்சம் குறைந்தது.

குஞ்சுப் பருவத்தில் நாள்தோறும் சிலமுறை மெதுவாகக் கையில் எடுத்துப் பழக்கினால் அச்சம் மேலும் குறையும். பிள்ளைகளுக்கு இவ்வேலையை ஒப்படைக்கலாம். துரத்திப் பிடித்தலை மாத்திரம் தடைசெய்தல் வேண்டும். வேலி பாயும் பேட்டுக்கு ஒரு பக்கச் செட்டையின் நீண்ட பத்து இறகுகளையும் கத்தரித்துவிட்டாற் பறக்குங்கால் நிலை தவறும். இறகு உதிர்ந்து முளைத்தபின் மீண்டும் கத்தரிக்க வேண்டும்.

முட்டைக்காக மாத்திரம் வளர்ப்பவருக்குச் சேவல் தேவையே இல்லை. சேவலின்றியும் பேடு முட்டையிடும். வைத்தியசாலையும் பள்ளிக்கூடங்களும் நெருங்கிய மானிப்பாய் போன்ற ஊரில் விடியுமுன் கூவும் சேவலை அயலவர் விரும்பார். குஞ்சு பொரிக்க விரும்புவோர் ஒரு சேவலை வைத்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள்மேற் பாய்ந்து முள்ளால் அடிக்கும் சேவலை, அது எத்துணை அழகிய இனமாயினும், கறிக்கே அனுப்புதல் வேண்டும். அதன் குஞ்சுகளுக்கும் அக்குணம் இறங்கும்.

புதிதாக வாங்கிய பேடுகளைப் பத்து நாளேனும் புறம்பாக வைத்து, நோயில்லை எனக் கண்டபின், இருட்டிய பின்னர் மற்றவை கொம்பில் ஏறித் துயிலும் வேளையில் இடையே இருத்திவிடுக. ஒன்றைத் தனியே சேர்க்காது இரண்டு மூன்றாகச் சேர்த்தலும், அடுத்த சில நாட்களுக்கு இரண்டாவது தீன்தொட்டி ஒன்றைத் தள்ளி வைத்தலும் அவசியம்.